வாடகை வீடும் 21ஆம் உறுப்பும்: புதிய அகதிகளுக்கான குடியிருப்பு உதவி குறித்து ஒரு மறுவாசிப்பு

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் வீட்டுவசதி பற்றிப் பேசும் 21ஆம் உறுப்பு, ஆய்வாளர் கவனத்தைக் குறைவாகவே பெற்ற ஒன்று. அதைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பிற அயல்நாட்டாருக்குக் கிடைப்பது அகதிக்கும் கிடைத்தால் போதும். அதற்கு மேல் எந்தக் கடமையையும் அவ்வுறுப்பு சுமத்தவில்லை. தனியார் வாடகைச் சந்தை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பதே அம்முடிவு. இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. புதிதாக அகதித் தகுதி பெற்றவருக்கு வீடு தேட உதவுவது, வாடகை ஒப்பந்தத்தை விளக்குவது, முன்பணம் பறிபோகாமல் காக்கும் வழியைச் சொல்லித் தருவது ஆகிய அனைத்தும் தொண்டு நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்ட காரியங்களாகிவிடுகின்றன.

இக்கட்டுரை அந்த வாசிப்பை ஏற்கவில்லை. மூன்று கருத்துகளை இங்கே முன்வைக்கிறேன். முதலாவது, சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தனியார் வாடகையும் 21ஆம் உறுப்பின் எல்லைக்குள் அடங்கும். இரண்டாவது, அவ்வுறுப்பு சொல்லும் ஒப்பீட்டை 6ஆம் உறுப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். மூன்றாவது கருத்தே முதன்மையானது: இயன்ற அளவு சாதகமாக நடத்த வேண்டும் என்று உறுப்பு கேட்கும்போது, எது இயலும் என்பதை ஓர் அரசு ஏற்கெனவே செய்து காட்டியதை வைத்தே அளக்க வேண்டும்.

சான்றுக் களமாக இங்கிலாந்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரே அரசு, ஒரே தகுதி கொண்ட அகதிகளை இரு வேறு விதமாக நடத்தியதற்கான பதிவு அங்கே எழுத்தில் கிடைக்கிறது. ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பலர் கடந்து வந்த நடைமுறை என்பதால் தமிழ் வாசகருக்கு அது அயலான களமும் அன்று.

உறுப்பின் அமைப்பு

21ஆம் உறுப்பு ஒரே வாக்கியம். அதில் மூன்று கூறுகள் உள்ளன. முதற்கூறு எல்லையை வகுக்கிறது: வீட்டுவசதி என்னும் பொருள் சட்டங்களாலோ விதிகளாலோ ஒழுங்குபடுத்தப்படும் அளவுக்கு, அல்லது பொது அதிகார அமைப்புகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் அளவுக்கு. இரண்டாம் கூறு கடமையைச் சொல்கிறது: நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதிகளை இயன்ற அளவு சாதகமாக நடத்த வேண்டும். மூன்றாம் கூறு தரைமட்டத்தை நிறுவுகிறது: எந்நிலையிலும், அதே சூழ்நிலையில் உள்ள பொதுவான அயல்நாட்டாருக்குக் கிடைப்பதைவிட அது குறையக் கூடாது.

முந்தைய ஆய்வு மரபு மூன்றாம் கூறையே உறுப்பு முழுவதுமாகக் கொண்டது. அதற்கு அது காட்டும் முதல் ஆதாரம் அண்டை உறுப்புகள். பங்கீட்டைப் பற்றிய 20ஆம் உறுப்பு, தொடக்கக் கல்வி பற்றிய 22ஆம் உறுப்பின் முதற்பகுதி, பொது நிவாரணம் பற்றிய 23ஆம் உறுப்பு, தொழிலாளர் சட்டமும் சமூகப் பாதுகாப்பும் பற்றிய 24ஆம் உறுப்பு ஆகியவை அகதியைக் குடிமக்களுக்கு இணையாக நிறுத்துகின்றன. இவற்றுக்கு நடுவே உள்ள 21ஆம் உறுப்பு அவ்வாறு செய்யவில்லை. ஆகவே வீட்டுவசதியில் அரசுகள் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொள்ள மறுத்தன என்பது அவர்களின் வாதம்.

தரம் தாழ்ந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் நிலவிய ஐரோப்பாவில் அது வியப்புக்குரியதும் அன்று. ஆனால் தரம் தாழ்ந்திருப்பது ஒன்று, எல்லை குறுகியிருப்பது வேறொன்று. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவியதாக எண்ணிக்கொள்வதுதான் அந்த வாசிப்பின் அடிப்படைப் பிழை. அரசு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை, எந்தெந்த விஷயங்களில் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடையாகிவிடாது.

தனியார் வாடகை எல்லைக்குள் வருமா?

எல்லையைக் குறுக்குவோர் 13ஆம் உறுப்பைத் துணைக்கு அழைக்கிறார்கள். அசையும், அசையாச் சொத்துகளோடு குத்தகை ஒப்பந்தங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அந்த உறுப்பு. வாடகை ஒப்பந்தம் அங்கே பேசப்பட்டுவிட்டதால், 21ஆம் உறுப்பில் எஞ்சுவது அரசு கட்டிக் கொடுக்கும் வீடுகள் மட்டுமே என்கிறார்கள். இது மேலோட்டமாகப் பார்த்தால் வலுவான வாதம். பாடத்தை நிதானமாகப் படித்தால் அது நிற்பதில்லை.

13, 21 ஆகிய இரு உறுப்புகளும் ஒரே தரத்தையே விதிக்கின்றன. 13ஆம் உறுப்பு, அகதி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியுள்ளவரா, குத்தகை உரிமையைப் பெற முடியுமா என்பதைப் பற்றியது. 21ஆம் உறுப்பின் கேள்வி வேறு. குடியிருப்பு என்னும் துறையை அரசு ஒழுங்குபடுத்தும்போது, அந்த ஒழுங்குமுறைக்குள் அகதி எங்கே நிறுத்தப்படுகிறார் என்று அது கேட்கிறது. மேலும், எல்லையை வகுக்கும் முதற்கூறில் இரு மாற்றுகள் உள்ளன. அரசு வீடுகள் மட்டுமே கருதப்பட்டிருந்தால், பொது அதிகார அமைப்புகளின் கட்டுப்பாடு என்னும் இரண்டாம் மாற்றே போதும். சட்டத்தாலோ விதிகளாலோ ஒழுங்குபடுத்தப்படும் என்ற முதல் மாற்றுக்கு வேலையே இருக்காது. உடன்படிக்கையின் ஒரு பகுதியைப் பயனற்றதாக்கும் வாசிப்பை, வேறு வாசிப்பு கிடைக்கும்போது ஏற்க வேண்டியதில்லை.

காலச்சூழலும் இதையே சொல்கிறது. 1951இல் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட வீட்டுவசதி என்றால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது தனியார் வாடகைக் கட்டுப்பாடுதான். பிரிட்டனில் கிளாஸ்கோ வாடகைப் போராட்டத்துக்குப் பின் 1915இல் வந்த சட்டம் தனியார் வீட்டு உரிமையாளரின் கையைக் கட்டியது. பிரான்சில் 1948 செப்டம்பர் 1ஆம் நாள் சட்டம் அதையே செய்தது. சென்னை மாகாணத்திலும் 1949இல் கட்டட குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஓர் உறுப்பு தனியார் வாடகையை நினைக்காமலே எழுதப்பட்டது என்று கொள்வது கடினம்.

இன்றைய இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே வாடகைதாரர் கொடுக்கும் முன்பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் உரிமையாளர் பதிய வேண்டும். 2019 ஜூன் முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளில் முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. 2015 அக்டோபர் முதல், வாடகைக்கு இருப்பது எப்படி என்று விளக்கும் அரசுக் கையேட்டைக் குடியிருப்பவருக்குத் தராத உரிமையாளர், காரணம் காட்டாமல் வெளியேற்றும் அறிவிப்பைச் செல்லுபடியாகக் கொடுக்க இயலாது என்ற விதி கொண்டுவரப்பட்டது. காரணமின்றி வெளியேற்றும் அந்த வழியையே ஒழிக்க 2025இல் வாடகைதாரர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வளவு அடர்த்தியாக விதிக்கப்பட்ட துறையை ஒழுங்குபடுத்தப்படாத தனியார் வெளி என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று, வாடகைக்கு இருக்கும் உரிமையைச் சரிபார்க்கும் திட்டம். 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் தந்த இத்திட்டம், அவ்வாண்டு டிசம்பரில் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் சோதனையாகத் தொடங்கி 2016 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, வீடு கொடுக்கும் ஒவ்வொருவரும் வருபவரின் குடிவரவு நிலையைச் சரிபார்த்தாக வேண்டும். தவறினால் அபராதம், 2016 டிசம்பர் முதல் தெரிந்தே மீறுவது குற்றம். முதல் மீறலுக்கான அபராத உச்சவரம்பு, குடியிருப்பவர் ஒருவருக்கு 1,000 பவுண்டாக இருந்தது 2024 பிப்ரவரியில் 10,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இத்திட்டம் மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்று 2019 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனால் அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புகூட, இத்திட்டத்தால் சில உரிமையாளர்கள் பாகுபாடு காட்டுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அதை நியாயப்படுத்த முடியும் என்றுதான் முடிவு செய்தது.

வீட்டு உரிமையாளரையே குடிவரவுக் காவலராக நியமித்துவிட்ட ஓர் அரசு, அதே உரிமையாளருக்கும் அகதிக்கும் இடையே நடப்பது தனியார் விவகாரம் என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது. 21ஆம் உறுப்பின் எல்லை பற்றிய சர்ச்சை, குறைந்தபட்சம் இங்கிலாந்தைப் பொறுத்தவரை, இத்தோடு முடிவுக்கு வருகிறது என்றே கருதுகிறேன்.

‘அதே சூழ்நிலை’யும் 6ஆம் உறுப்பும்

தரைமட்டத்தை அளக்கும்போது அகதியை யாரோடு ஒப்பிடுவது? அதே சூழ்நிலையில் உள்ள அயல்நாட்டாரோடு. சூழ்நிலை என்பதன் பொருளை உடன்படிக்கை வாசகர் ஊகத்துக்கு விடவில்லை. 6ஆம் உறுப்பு அதை விளக்குகிறது: அகதி அல்லாத ஒருவர் ஓர் உரிமையைப் பெற எந்தெந்த நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டுமோ அவற்றை அகதியும் நிறைவேற்ற வேண்டும், ஆனால் அகதியாக இருப்பதன் இயல்பாலேயே நிறைவேற்ற முடியாத நிபந்தனைகள் இதற்கு விலக்கு. வீட்டுவசதி பற்றிய விவாதங்களில் இந்த விலக்கு கண்டுகொள்ளப்படாமலே போயிருக்கிறது.

ஒரு வாடகை முகவரின் மேசை முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் தந்த நற்சான்றுக் கடிதம் கேட்கப்படுகிறது. கடந்த சில மாதச் சம்பளச் சீட்டு, பிரிட்டனில் கடன் வாங்கித் திருப்பிய வரலாறு, போதிய வருமானம் உள்ள ஒரு பிணையாள் ஆகியவையும் கேட்கப்படுகின்றன. லண்டனுக்கு வேலை விசாவில் வரும் பொறியாளர் இவற்றில் சிலவற்றையாவது நிறுவனத்திடமிருந்தோ ஊரில் உள்ள பழைய வீட்டுக்காரரிடமிருந்தோ பெற்றுவிடுவார். நேற்று அகதித் தகுதி பெற்றவரால் அது முடியாது. அவர் கடைசியாகக் குடியிருந்தது அரசு ஒதுக்கிய அறையில். அந்த அறையும் சட்டத்தின் கண்ணில் முழுமையான வாடகைக் குடியிருப்பு ஆகாது. தஞ்சம் கோருவோருக்கான தங்குமிடத்தை 1977ஆம் ஆண்டு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிலிருந்து 1999ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிவிட்டது. அவர் அங்கே இரண்டு ஆண்டு இருந்திருக்கலாம், ஒருநாளும் புகாருக்கு இடம் தராமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்லும் ஒரு தாள் அவர் கையில் இல்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருந்த காலத்தில் வேலை செய்யப் பொதுவாக அனுமதி இல்லாததால் சம்பளச் சீட்டும் இல்லை.

இந்த இல்லாமைகள் எல்லாம் அவருடைய குறைபாடுகளா, அகதி நிலையின் இயல்பா? பழைய உரிமையாளரின் கடிதத்தைப் பொறுத்தவரை விடை தெளிவு. கலவரத்தில் விட்டுவந்த ஊரிலிருந்து நற்சான்று கேட்டு எழுத முடியாது. சம்பளச் சீட்டும் கடன் வரலாறும் இல்லாததற்குக் காரணம் அரசின் தடையே என்பதால், அதன் பலனை அரசே அனுபவிக்க அனுமதிக்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 6ஆம் உறுப்பு நேரடியாகக் கட்டுப்படுத்துவது அரசையே. தனி உரிமையாளரை அன்று. எந்த வீட்டுக்காரரும் நற்சான்று கேட்காமல் வீடு தர வேண்டும் என்று உடன்படிக்கை கட்டளையிடுகிறது என நான் சொல்லவில்லை. நான் சொல்வது அதைவிடச் சிறியது. அகதி நிறைவேற்ற முடியாத நிபந்தனையால் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தையின் கதவு மூடப்படும்போது, அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு அரசுக்கு விழுகிறது. உடன்படிக்கையின் 25ஆம் உறுப்பு இதே தர்க்கத்தில்தான் அமைந்திருக்கிறது: சொந்த நாட்டு அதிகாரிகளிடம் போக முடியாத அகதிக்கு, அவர்கள் தந்திருக்கக்கூடிய ஆவணங்களைப் புகலிட நாடு தர வேண்டும். வாடகை நற்சான்றை அந்த உறுப்புக்குள் திணிக்க வேண்டியதில்லை. இத்தனை காலம் அவருக்குத் தங்குமிடம் தந்த அரசு, இவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இங்கே குடியிருந்தார் என்று ஒரு சான்று கொடுக்கலாம் என்பதே போதுமான வாதம்.

எது இயலும்?

இனி இரண்டாம் கூறு. இயன்ற அளவு சாதகமாக என்பது அளவுகோல் அற்ற நல்லெண்ணம் என்று முந்தைய மரபு கருதியது. சற்று மென்மையான ஒரு வாசிப்பு, குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுப்பதை அரசு நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. இதுவும் போதாது. பரிசீலித்தோம், முடியவில்லை என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது என்றாகிவிடும். இயலுமா என்பது மெய்ம்மை பற்றிய கேள்வி. அதற்கு மிகச் சிறந்த சான்று, அந்த அரசு செய்து முடித்த செயல்.

சிரியப் போரில் இடம்பெயர்ந்தோருக்காக 2014இல் பிரிட்டன் தொடங்கிய மீள்குடியேற்றத் திட்டம், 2015 செப்டம்பரில் பிரதமர் டேவிட் கேமரனின் அறிவிப்பால் 20,000 பேருக்கு விரிவாக்கப்பட்டது. பங்கேற்ற உள்ளாட்சிகளுக்கு ஒருவருக்கு ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 20,520 பவுண்டு தரப்பட்டது. அதில் முதல் ஆண்டுக்கு மட்டும் 8,520. பணத்தைவிட முக்கியமானது, உள்ளாட்சிகளுக்கு உள்துறை அமைச்சகம் எழுத்தில் விதித்த கடமைகள். விமான நிலையத்தில் வரவேற்க வேண்டும். வரும் முன்பே வீடு தயாராக இருக்க வேண்டும். அதில் உணவை வைத்துக்கொள்ள, சமைக்க, துவைக்க வசதி இருக்க வேண்டும். வீட்டைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியும் வருபவருக்கு விளக்க வேண்டும். அவசரத்தில் அழைக்க ஒரு தொடர்பு கொடுக்க வேண்டும். முதல் ஓராண்டு துணைக்கு ஓர் அலுவலர் இருக்க வேண்டும். புதிய அகதிக்குக் குடியிருப்பு வழிகாட்டல் என்றால் என்ன என்பதை அரசே வரையறுத்து, செலவு கணக்கிட்டு, நடத்திக் காட்டிய பதிவு இது.

2017 ஜூலை முதல் இத்திட்டத்தில் வந்தோருக்கு வழங்கப்பட்டதும் அகதித் தகுதியே. அதே தகுதியை, நாட்டுக்குள் வந்து தஞ்சம் கோரிப் பெற்றவருக்குக் கிடைத்தது என்ன? தங்குமிடத்தைக் காலி செய்ய 28 நாள். 2000ஆம் ஆண்டு விதிகளில் அது 14 நாளாகத்தான் இருந்தது, 2002இல் இரட்டிப்பானது. 2023 ஆகஸ்டில் நாள் எண்ணத் தொடங்கும் புள்ளியை நடைமுறையில் முன்னுக்கு இழுத்ததால் பலருக்கு ஒரு வார அறிவிப்பே கையில் கிடைத்தது. அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது.

28 நாளின் கணக்கு எளியது. வேலையில்லாதவரின் வாழ்வாதாரமாகவும் வாடகை உதவியாகவும் இருப்பது யூனிவர்சல் கிரெடிட். முதல் நாளே விண்ணப்பித்தாலும் அதன் முதல் தொகை வர ஏறக்குறைய ஐந்து வாரம், அதாவது 35 நாள் ஆகும். முன்கூட்டியே பெற்றால் அது கடன், பின்னால் பிடித்துக்கொள்வார்கள். எனவே பணம் வரும் முன்பே அறை போய்விடுகிறது. 35 வயதுக்கு உட்பட்ட தனிநபரானால், பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்குரிய தொகையே பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அத்தகைய அறைக்கே ஒரு மாத வாடகையும் முன்பணமும் முதலில் வைக்க வேண்டும்.

இதே நாட்டின் சட்டம் வேறிடத்தில் வேறு கணக்குப் போட்டிருக்கிறது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம், 56 நாளுக்குள் வீடிழக்கக்கூடியவரை வீடின்மை அபாயத்தில் இருப்பவராகக் கருதி, அதைத் தடுக்கும் கடமையை உள்ளாட்சிக்குத் தருகிறது. தடுப்பு வேலைக்கு இவ்வளவு காலம் வேண்டும் என்று நாடாளுமன்றமே கருதியிருக்கிறது. 2024 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் அகதிகளுக்கான காலத்தையும் சோதனையாக 56 நாளாக உயர்த்தியது. 2025 செப்டம்பர் முதல் தனிநபர்களில் பெரும்பாலோர் மீண்டும் 28 நாளுக்குத் தள்ளப்பட்டார்கள். செய்து காட்டிய பிறகு இயலாது என்பதற்கு இடமில்லை; விருப்பமில்லை என்று மட்டுமே சொல்ல முடியும். 21ஆம் உறுப்பு அரசிடம் கேட்பது இயன்றதை, விரும்பியதை அன்று.

வழிகாட்டலும் கடமையா?

நாள்களை நீட்டினால் போதாது. அந்த நாள்களில் என்ன செய்வது என்று தெரிந்தால்தான் அவற்றால் பயன் உண்டு. முன்பணத்தை உரிமையாளர் பதியாவிட்டால் அத்தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அவர் செலுத்த நேரிடும் என்று சட்டம் சொல்கிறது. பதிவுச் சான்றைக் கேட்க வேண்டும் என்றே அறியாதவருக்கு அந்த உரிமை இருந்தும் இல்லாததுதான். குடிபுகும் அன்று ஜன்னலோரத்துப் பூஞ்சைக் கறையையும் கிழிந்த தரைவிரிப்பையும் படமெடுத்து வைக்காதவர், காலி செய்யும் அன்று அதற்கெல்லாம் முன்பணத்திலிருந்து பிடித்தம் கொடுப்பார். மின்சாரத்துக்கு முன்கட்டண மீட்டர் இருந்தால் பழைய குடித்தனக்காரரின் பாக்கி அதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். குடிவரவு நிலை இணையத்துக்கு மாறிவிட்டதால், வீட்டு உரிமையாளருக்குக் காட்ட ஒரு பகிர்வுக் குறியீட்டை இணையத்தில் எடுக்கத் தெரிய வேண்டும். அது 90 நாளில் காலாவதியாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவை எல்லாம் சட்டமும் விதியும் உண்டாக்கிய நடைமுறைகள். அவற்றை அறியச் செய்வதும் அவற்றை உண்டாக்கிய அரசின் வேலையே.

1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 179ஆம் பிரிவு, 2017இல் திருத்தப்பட்ட வடிவில், ஒவ்வொரு உள்ளாட்சியும் இலவச ஆலோசனை தர வேண்டும் என்கிறது. அந்த ஆலோசனை குறிப்பிட்ட சில பிரிவினரின் தேவைக்கேற்ப அமைக்கப்பட வேண்டும். சிறையிலிருந்து விடுதலையானோர், அரசுப் பராமரிப்பிலிருந்து வெளிவரும் இளையோர், முன்னாள் படைவீரர், குடும்ப வன்முறைக்கு ஆளானோர், மருத்துவமனையிலிருந்து வெளியேறுவோர், மனநலம் குன்றியோர் ஆகியோரைப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இறுதியாக, தன் பகுதியில் அபாயத்தில் உள்ளதாக உள்ளாட்சி கருதும் வேறு எவரும் என்று முடிகிறது.

அரசின் ஒரு கூரையை விட்டு நாள் குறித்து வெளியேற்றப்படுவோர் இப்பட்டியலில் பலர் இருக்கிறார்கள். தஞ்சத் தங்குமிடத்திலிருந்து வெளியேற்றப்படும் அகதி இல்லை. வீடிழக்கும் நிலையில் உள்ளவரை உள்ளாட்சிக்குப் பரிந்துரைக்க வேண்டிய பொது அமைப்புகள் என 2018ஆம் ஆண்டு விதிகள் தரும் பட்டியலில் சிறையும் மருத்துவமனையும் பாதுகாப்பு அமைச்சகமும் உண்டு. காலி செய்யச் சொல்லும் உள்துறை அமைச்சகம் இல்லை. இந்த இரு விடுபடல்களையும் தற்செயல் என்று கொள்ளலாம். ஆனால் அவற்றை அறிந்த பின்னும் வைத்திருப்பது 21ஆம் உறுப்போடு பொருந்தாது.

சில மறுப்புகள்

அகதிகள் உடன்படிக்கை பிரிட்டனின் உள்நாட்டுச் சட்டமாக முழுமையாக ஏற்கப்படவில்லை, ஆகவே இந்த விவாதம் வீண் என்பது ஒரு மறுப்பு. நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா என்பதும் உறுப்பின் பொருள் என்ன என்பதும் வெவ்வேறு கேள்விகள். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

தெருவில் உறங்கும் குடிமக்கள் இருக்க அகதிக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை என்பது அடுத்தது. நான் கேட்பது வீட்டு ஒதுக்கீட்டில் முன்னுரிமை அன்று. காலமும் தகவலும் ஒரு சான்றும்தான். இவற்றை ஒருவருக்குத் தருவதால் இன்னொருவரின் வீடு குறைந்துவிடாது. இன்னும் சொன்னால், தனியாக வாழும் உடல்நலமுள்ள பெரியவர் என்பதற்காகவே ஒருவரை வரிசையின் கடைசியில் நிறுத்தும் முறை குடிமகனையும் அகதியையும் சேர்த்தே வதைக்கிறது. ஸ்காட்லாந்து அந்த வேறுபாட்டை 2012 இறுதியில் ஒழித்துவிட்டது.

மீள்குடியேற்றத் திட்டம் எண்ணிக்கை வரம்பு கொண்டது, அதைத் தஞ்சம் கோருவோருக்கு நீட்ட முடியாது என்பது மூன்றாவது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒருவருக்கு 20,520 பவுண்டு என்ற முழுத் தொகையையும் 21ஆம் உறுப்பு கட்டாயமாக்குகிறது என்று வாதிட என்னால் இயலாது. ஆனால் வீட்டைப் பற்றிய விளக்கம், அவசரத் தொடர்பு, குடியிருந்த காலத்துக்கான சான்று, 56 நாள் அவகாசம் ஆகிய நான்கும் எண்ணிக்கை கூடினால் செய்ய முடியாதவை அல்ல.

ஊரிலுள்ள உறவினர் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணமும் கொள்கை விவாதங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. லண்டனில் முன்பே வேரூன்றிய ஈழத்தமிழர் பலர், பின்னால் வந்தவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தார்கள், பிணை நின்றார்கள். ஆனால் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பரவல் குடியேற்றம், தங்குமிடம் வேண்டியவர்களை அரசு தேர்ந்த ஊர்களுக்கு அனுப்பியது. அந்த ஊர் அவர்கள் தேர்ந்ததன்று என்று 2004 பிப்ரவரியில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தபோது, அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அரசு அனுப்பிய ஊரையே உள்ளூர்த் தொடர்பு உள்ள ஊராக்கியது. உறவினரிடமிருந்து பிரித்து வைத்தபின் உறவினர் உதவட்டும் என்பதை வாதமாக ஏற்க முடியாது.

முடிவாக

21ஆம் உறுப்பைப் பெரிய வாக்குறுதியாக மாற்றிக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அது வீடு தருவேன் என்று சொல்லவில்லை. அது சொல்வதை மட்டும் முழுமையாகப் படித்தால், சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட வாடகைச் சந்தை அதற்குள் அடங்குகிறது; அகதி நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளை அவருக்கு எதிராக நிறுத்தக் கூடாது என்பது அதிலிருந்து கிடைக்கிறது; அரசு ஒரு வகை அகதிக்குச் செய்துகாட்டியதை இன்னொரு வகை அகதிக்கு இயலாதது என்று மறுக்க முடியாது என்பதும் கிடைக்கிறது. பிற நாடுகளின் பதிவுகளை வைத்து இவ்வாசிப்பைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை.

உடன்படிக்கையில் கையெழுத்திடாத இந்தியாவுக்கு 21ஆம் உறுப்பு பொருந்தாது. ஆனால் தமிழ்நாட்டில் முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் அவர்களுக்கு என்ன காப்புத் தருகிறது, யார் அதை அவர்களுக்குச் சொல்கிறார்கள் என்பதைத் தமிழ்ச் சட்ட ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் செய்ய வேண்டியது சிக்கலானதன்று. 56 நாள் அவகாசத்தை எல்லோருக்கும் விதியாக்க வேண்டும். தங்குமிடத்தில் இருந்த காலத்துக்குச் சான்று தர வேண்டும். 179ஆம் பிரிவின் பட்டியலில் தஞ்சத் தங்குமிடத்தை விட்டு வெளியேறும் அகதிகளைச் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வரித் திருத்தம் போதும்.